குறுகிய இடைவழியும் சுமைதூக்கி வண்டியும்

ஒரு நகரத்தின் தொழிற்சிறப்பை எடுத்துரைப்போர், அங்கே ஓடும் பொறிகளையும் உழைக்கும் கைகளையுமே முதற்கண் கூறுவர். பண்டங்கள் ஓய்ந்து கிடக்கும் கிடங்குகளைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. ஆயினும் நூலாக வந்த பொருள் ஆடையாகிக் கப்பலேறும் வரையில், ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் அஃது எங்கேனும் காத்திருந்தே தீரவேண்டும். காத்திருக்கும் பொருளுக்கு இடம் வேண்டும். இடத்திற்கு வாடகை வேண்டும். அப்பொருளை எடுக்கவும் வைக்கவும் வழி வேண்டும். அவ்வழியை எவ்வளவு குறுக்கலாம்? குறுக்கிய வழியிற் செல்லத்தக்க வண்டி யாது? அவ்வாறு குறுக்குவதால் விளையும் நன்மையும் இடரும் எவை? இம்மூன்று வினாக்களையும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை முன்னிறுத்தி ஆராயப் புகுகின்றோம். இக்கல்லூரியிற் பயின்று தொழிலகங்களிற் பணியேற்கும் இளைஞர்க்கு இவ்வாராய்ச்சி ஒருவாறு பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

முதலில் இடநெருக்கடியின் காரணத்தைக் காண்போம். கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் நூற்பாலை தோன்றியபின், அச்சுற்றுப்புறம் பருத்தித்தொழிலுக்கு உறைவிடமாயிற்று. திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் 1920-களில் வேரூன்றியது. 1970-களின் இறுதியிலிருந்து வெளிநாட்டு ஏற்றுமதி வளரத் தொடங்கிற்று. 1990-ஆம் ஆண்டில் ஏற்றுமதியாளர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் ஆயிற்று. இவ்வளர்ச்சியில் நகரம் முன்னே வகுத்த திட்டப்படி அமைந்ததன்று. வீடாக இருந்தது பனியன் கம்பெனியாயிற்று. கம்பெனிக்குப் பக்கத்து மனை கிடங்காயிற்று. அதன்மேல் ஒரு மாடி எழுந்தது. அவிநாசிச் சாலையிலும் பல்லடச் சாலையிலும் இன்று பெரிய கட்டடங்கள் பல நிற்பினும், குறுகிய தெருக்களுள் வாடகைக் கட்டடங்களில் நடக்கும் தொழிலகங்கள் மிகப் பல.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே தொழில் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவது அருமை. நூல் ஓரிடத்தில் வாங்கப்படும், வேறோரிடத்திற் பின்னப்படும், சாயப்பட்டறைக்குச் சென்று மீளும், காம்பாக்டிங் ஆகும், பின்னர் வெட்டித் தைத்துச் செக்கிங் முடித்து அட்டைப்பெட்டியுள் அடைபடும், முடிவில் தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் செல்லும். ஒவ்வொரு பயணத்திற்கும் இடையே பொருள் இறங்கவும் ஏறவும் வேண்டும். அன்றியும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒவ்வொரு நிறத்திற்கும் சரக்கு தனித்தனி லாட்டாக நிற்றல் வேண்டும். ஒரே நிறமேயாயினும் ஒரு தொட்டியிற் சாயமேறிய துணியும் மறு தொட்டியிற் சாயமேறிய துணியும் கலந்துவிடின், தைத்த சட்டையில் உடலும் கையும் வெவ்வேறு சாயலாகத் தோன்றும், வாங்குவோர் ஏற்கமாட்டார். ஆதலின் ஒன்றன்முன் ஒன்றாகச் சரக்கை நெருக்கி அடைத்துவிட்டால் இடம் மிச்சமாகும் என்று கருதுவதற்கில்லை. எந்த லாட்டையும் பிறவற்றை நகர்த்தாமல் எடுக்கக்கூடிய இடைவழி இங்கே இன்றியமையாதது.

இனி, பொருளின் இயல்பைப் பார்ப்போம். வண்டியைத் தேர்வதற்குமுன் சுமையை அறிதல் முறையன்றோ? நூற்பாலைக்கு வரும் பஞ்சுப்பொதி ஏறத்தாழ 170 கிலோ எடையுள்ளது; அழுத்திக் கட்டப்பட்டது. திருப்பூர்க் கிடங்கிற்கு வரும் நூல் மூட்டையோ ஏறத்தாழ 50 கிலோவே. பின்னிய துணியின் ரோல் ஒன்று பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை இருக்கும். ஆடை நிறைந்த அட்டைப்பெட்டி அதனினும் இலேசானது. பேலட் என்னும் மரத்தட்டில் நூல் மூட்டைகளை அடுக்கினும் மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டுவது அரிது. ஆனால் இவை யாவும் இடத்தை மிகுதியாக அடைப்பன. சுருங்கச் சொல்லின், திருப்பூர்ச் சரக்கு எடையிற் சிறியது, பருமனிற் பெரியது. கிடங்கின் தரை சுமை தாங்காமற் போவதன்முன் கிடங்கில் இடமே தீர்ந்துபோகும். துணி ரோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக உயரக் குவித்தலும் கூடாது. அடியிலுள்ளவை நசுங்கி மடிப்புத்தடம் பெறும். ஆதலின் ராக்கு எனப்படும் இரும்புச் சட்டங்களை நிறுத்தி, தட்டுத்தட்டாக மேனோக்கிச் செல்வதே வழியாகின்றது. நமக்கு வேண்டுவது மிகுந்த பாரத்தைத் தூக்கும் வண்டியன்று. நடுத்தரமான பாரத்தை உயரத் தூக்கிக் குறுகிய இடத்தில் திரும்பும் வண்டியே என்பது இதனாற் பெறப்படும்.

போர்க்லிப்ட் என்று யாவரும் அழைக்கும் சுமைதூக்கி வண்டியின் வரலாறு ஒரு நூற்றாண்டை எட்டியது. 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் புக்கானன் நகரில் கிளார்க் கம்பெனியார் தம் தொழிற்சாலைக்குள் பொருள்களைக் கொண்டுசெல்ல ஓர் எந்திர வண்டி செய்தனர். அதனைக் கண்டோர் தமக்கும் வேண்டுமென்று கேட்க, அதுவே விற்பனைப் பொருளாயிற்று. தூக்கும் கவை பின்னர்ச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் படைப்பொருள்களை விரைந்து ஏற்றி இறக்க வேண்டியிருந்தமையால் பேலட்டும் போர்க்லிப்ட்டும் உலகெங்கும் பரவின. 1950-களில் நியூயார்க் மாநிலத்து ரேமண்ட் கம்பெனியார் குறுகிய வழிக்கென ரீச் டிரக் என்னும் வகையை வெளியிட்டனர். 1980-களில் இங்கிலாந்தில் உடல் மடங்கும் வண்டி தோன்றியது. நம் நாட்டில் கோத்ரெஜ் நிறுவனம் போர்க்லிப்ட் செய்யத் தொடங்கியது 1960-களில்.

இவ்வண்டிகள் யாவற்றிற்கும் அடிப்படை நெம்புகோல் தத்துவமே. முன்சக்கரத்தின் அச்சு தாங்குமையம்; ஒருபுறம் கவைமேல் உள்ள சுமை, மறுபுறம் வண்டியின் உடலும் பின்னே வைத்த இரும்புக்கட்டியும். சுமையின் எடையை அச்சிலிருந்து அதன் தொலைவால் பெருக்கிய தொகை, மறுபுறத்துத் தொகையை மீறின் வண்டி முன்னோக்கிக் கவிழும். எடுத்துக்காட்டாக, 1,500 கிலோ தூக்கும் என்று பொறித்த வண்டி ஒன்றைக் கொள்வோம். சுமையின் எடைமையம் கவையின் முகத்திலிருந்து 500 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டே அவ்வளவு பொறிக்கப்பட்டது. அச்சிலிருந்து கவையின் முகம் 400 மில்லிமீட்டர் எனின், மொத்தத் தொலைவு 900, பெருக்குத்தொகை 13,50,000. இனி, பேலட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய அட்டைப்பெட்டிகளை ஏற்றியதால் எடைமையம் 700 மில்லிமீட்டருக்குத் தள்ளிப்போயிற்று என்க. அப்போது மொத்தத் தொலைவு 1,100. 13,50,000-ஐ 1,100-ஆல் வகுத்தால் 1,227 கிலோவே வரும். வண்டியின் வலிமை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிட்டது. உயரத் தூக்குந்தோறும் அது மேலும் குறையும். இலேசான பண்டமே என்று எண்ணி அளவின்றி ஏற்றுதல் அறிவுடைமையன்று. மயிலிறகின் பாரமும் அச்சினை முறிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நிற்க. வகைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். இங்கே கூறும் இடைவழி அளவுகள் 1,200-க்கு 1,000 மில்லிமீட்டர் பேலட்டைக் கருதிய பொதுவளவுகள். ஒவ்வொரு வண்டிக்கும் அதனைச் செய்தோர் தரும் குறிப்பேட்டையே முடிவாகக் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, யாவரும் அறிந்த எதிரெடை வண்டி. கவுண்டர் பாலன்ஸ் என்பர். சுமை முன்னே, எதிரெடை பின்னே. ஆதலின் வண்டி நீளமானது. ராக்கின் முன் நேராகத் திரும்பி நிற்பதற்கு 3.5 முதல் 4 மீட்டர் வழி வேண்டும். மூன்று சக்கரங்களையுடைய மின்சார வண்டியாயின் 3 மீட்டருக்குச் சற்று மிகையான வழி போதும். லாரியிலிருந்து இறக்கவும், மேடுபள்ளமான முற்றத்தில் ஓடவும் இதற்கு நிகரில்லை. ஆனால் இதன் பொருட்டுக் கிடங்கின் பெரும்பகுதியை வழிக்கே விட்டுவிட நேரும்.

இரண்டாவது ஸ்டாக்கர். பணியாளர் பின்னே நடந்துகொண்டோ, சிறு பலகைமேல் நின்றுகொண்டோ செலுத்துவது. இதற்குப் பின்னெடை இல்லை. சுமையின்கீழ் நீளும் இரு கால்களே அதனைத் தாங்கும். ஆதலின் உடல் குறுகியது, எடையும் குறைவு. 2.2 முதல் 2.5 மீட்டர் வழியிற் பணி செய்யும். 3 முதல் 5 மீட்டர் வரை தூக்கும். விரைவு குறைவு, சமதளத்திலேயே ஓடும். பேலட்டின் அடியிற் குறுக்குப்பலகை இருப்பின் இதன் கால்கள் நுழையமாட்டா. ஆதலின் பேலட்டையும் வண்டியையும் ஒருங்கே நோக்கித் தேர்தல் வேண்டும். ஹேண்ட் பேலட் எனப்படும் கைவண்டி இதன் தம்பி போன்றது. அது சுமையைத் தரையிலிருந்து சில அங்குலமே உயர்த்தி இழுத்துச் செல்லும், அடுக்காது.

மூன்றாவது ரீச் டிரக். இதற்கும் முன்னே இரு கால்கள் உண்டு. ஆனால் கவை பொருந்திய கம்பம் அக்கால்களுக்கிடையே முன்னும் பின்னும் நகரவல்லது. பேலட்டை எடுக்கும்போது கம்பம் முன்னே நீளும். எடுத்தபின் உள்ளே ஒடுங்கும். சுமை சக்கரங்களுக்குள்ளே வந்துவிடுவதால் வண்டியின் நீளம் குறைந்து, 2.6 முதல் 3 மீட்டர் வழியிலே திரும்பும். 10 மீட்டர் உயரத்திற்கும் தூக்கும் வகைகள் உள. ஓட்டுநர் பக்கவாட்டில் அமர்வதால் முன்னும் பின்னும் கழுத்தைத் திருப்பிக் காண்பது எளிது. சிறிய சக்கரங்களாதலின் நல்ல தரை வேண்டும். மழை நனைந்த முற்றத்திற்கு இது பொருந்தாது.

நான்காவது ஆர்ட்டிகுலேட்டட் என்னும் உடல் மடங்கும் வண்டி. கம்பமும் முன்சக்கரங்களும் ஒரு பகுதி. ஓட்டுநர் இருக்கையும் பின்னெடையும் மற்றொரு பகுதி. இரண்டையும் ஒரு கீல் இணைக்கின்றது. உடல் வழியிலேயே நேராக நிற்க, முன்பகுதி மட்டும் வலமோ இடமோ மடங்கி ராக்கினுள் நுழையும். 1.8 முதல் 2.2 மீட்டர் வழி இதற்குப் போதும். லாரியிலிருந்து சரக்கை இறக்கி, அதனையே கிடங்கினுட் கொண்டுசென்று அடுக்குவதற்கு இவ்வொரு வண்டியே அமையும் என்பது இதன் தனிச்சிறப்பு. ஓட்டும் கலை சற்றுக் கடினம். பயிற்சி பெறாதார் கையிற் கொடுத்தல் தகாது.

ஐந்தாவது மிகக் குறுகிய வழி வண்டி. ஆங்கில முதலெழுத்துக்களால் வி.என்.ஏ. என வழங்குவர். இங்கே வண்டியின் உடல் வழிக்குள் திரும்புவதே இல்லை. கவை மட்டும் தன் தலையிற் சுழன்று இருபுறத்து ராக்குகளுக்கும் நீளும். 1.6 முதல் 1.9 மீட்டர் வழி போதும். 14 மீட்டர் உயரத்தை எட்டுவனவும் உண்டு. தரையினுட் புதைத்த மின்கம்பியோ, இருபுறமும் பதித்த இரும்புத் தடமோ வண்டியை நேரே நடத்தும். சிலவற்றில் ஓட்டுநர் தரைமட்டத்தில் இருப்பார். சிலவற்றில் சுமையுடன் தாமும் மேலே செல்வார். ஆனால் ஒரு வழியினின்று மறு வழிக்கு மாற, கோடியில் நாலைந்து மீட்டர் அகலமுள்ள இடம் வேண்டும். லாரிக்கு இது பயன்படாது. முகப்பிற் சரக்கைக் கொண்டுவந்து தர மற்றொரு வண்டி வேண்டும்.

இவற்றுள் வழி மிகக் குறுகியதே மிக மேலானது என்று ஒருவர் முடிவு கட்டலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் அகலமுள்ள கிடங்கு ஒன்றைக் கற்பனை செய்க. ராக்கு ஒவ்வொன்றும் 1 மீட்டர் ஆழம். முதுகோடு முதுகாக நிற்கும் இரு ராக்குகளிடையே 20 சென்டிமீட்டர் வெளி. இரு சுவரோரங்களிலும் பத்துப் பத்துச் சென்டிமீட்டர். இவ்வாறாயின் ஒரு வழியும் அதன் இருபுறத்து ராக்குகளும் சேர்ந்து, வழியின் அகலத்தோடு 2.2 மீட்டரைக் கூட்டிய இடத்தைக் கொள்ளும்.

எதிரெடை வண்டிக்கு 3.6 மீட்டர் வழி எனின், கூட்டுத்தொகை 5.8, கிடங்கில் 5 வழிகளும் 10 ராக்கு வரிசைகளும் அமையும். ரீச் டிரக்குக்கு 2.8 மீட்டர் எனின், தொகை 5. 6 வழிகள், 12 வரிசைகள். ஸ்டாக்கருக்கு 2.4 மீட்டர் எனின், தொகை 4.6, அப்போதும் 6 வழிகள், 12 வரிசைகளே. மடங்கும் வண்டிக்கு 2 மீட்டர் எனின், தொகை 4.2; 7 வழிகள், 14 வரிசைகள். வி.என்.ஏ. வண்டிக்கு 1.7 மீட்டர் எனின், தொகை 3.9. எட்டு வழிகளுக்கு 31.2 மீட்டர் வேண்டுமாதலின் இங்கேயும் 7 வழிகளே, 14 வரிசைகளே! மிக விலையுயர்ந்த வண்டியை வாங்கியும் இக்கட்டடத்தில் ஒரு வரிசையேனும் கூடவில்லை என்பதை நோக்குக. அகலம் 32 மீட்டராக இருந்திருப்பின் விடை வேறாகும். கட்டடத்தின் நடுவே தூண்கள் இருப்பினும் விடை மாறும்.

வரிசைகளைப் பேலட்டுக் கணக்காக மாற்றுவோம். ராக்கின் நீளம் 40 மீட்டர் என்றும், 2.8 மீட்டர் கொண்ட ஒரு பகுதியில் இரண்டு பேலட் நிற்கும் என்றும் கொண்டால், ஒரு தட்டில் 28 பேலட் அமையும். மூன்று தட்டுகளாயின் ஒரு வரிசைக்கு 84. ஆகவே 10 வரிசையில் 840, 12 வரிசையில் 1,008, 14 வரிசையில் 1,176 பேலட்டுகள் நிற்கும். எதிரெடை வண்டியை விடுத்து ஸ்டாக்கரை ஏற்ற அளவிலேயே நூற்றுக்கு இருபது பங்கு இடம் கிடைத்துவிட்டது. மடங்கும் வண்டியால் நாற்பது பங்கு கிடைக்கும். புதுக் கிடங்கு கட்டாமலே பெறும் இடம் இது.

உயரத்தையும் நோக்குதல் வேண்டும். சுமையோடு கூடிய பேலட்டின் உயரம் 1.6 மீட்டர், ராக்கின் குறுக்குச்சட்டத்திற்கும் மேல் இடைவெளிக்கும் 20 சென்டிமீட்டர், ஆக ஒரு தட்டு 1.8 மீட்டர். மூன்றாம் தட்டின் அடி தரையிலிருந்து 3.6 மீட்டரில் இருக்கும். அதன்மேல் உள்ள சுமையின் தலை 5.2 மீட்டரைத் தொடும். 6 மீட்டர் உயரமுள்ள கூரைக்குக்கீழ் இதற்குமேல் ஏற்றுவதற்கில்லை. 4 மீட்டர் தூக்கும் ஸ்டாக்கரே அவ்விடத்திற்குப் போதும். 10 மீட்டர் எட்டும் வண்டியை வாங்கி 4 மீட்டரில் நிறுத்துவது வீண்செலவு. 12 அடி உயரமுள்ள பழைய வாடகைக் கட்டடமாயின் இரண்டு தட்டுகளே அமையும். அங்கே பெருவண்டிக்கு வேலையே இல்லை. கூரை 10 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் புதுப் பண்டசாலையிலேதான் ரீச் டிரக்கும் வி.என்.ஏ. வண்டியும் தம் முழுத்திறத்தைக் காட்டும்.

தரையும் சான்று கூறவேண்டும். ஸ்டாக்கர் ஒரு டன்னை அடுத்த எடையுடையது, ரீச் டிரக் மூன்று நான்கு டன், வி.என்.ஏ. வண்டி அதனினும் மிகுதி. இவ்வெடை முழுதும் சில சக்கரங்களின் சிறு தடத்தின்மேல் நிற்கும். ஆதலின் மாடித்தளத்தில் எவ்வண்டியையும் ஏற்றுமுன் கட்டடப் பொறியாளரைக் கேட்டல் கடமை. தரையின் சமமும் உயரத்தோடு பிணைந்தது. வண்டியின் இருபக்கச் சக்கரங்களின் இடைவெளி 1.2 மீட்டர் எனக் கொள்க. ஒரு சக்கரம் மற்றதினும் 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பின், 3.6 மீட்டர் உயரத்தில் கவை 9 மில்லிமீட்டர் சாயும். 10 மீட்டர் உயரத்தில் அதே பள்ளம் 25 மில்லிமீட்டர் சாய்க்கும். கண்ணுக்குப் புலப்படாத பள்ளம் உச்சியில் ராக்கின்மேல் மோதும் மோதலாகலாம்.

பின்னலாடைக் கிடங்கிற்கே உரிய வேறு இரண்டு செய்திகளைக் கூறுதும். ஒன்று, தூய்மை. வெண்மையான துணிமேல் டீசல் புகையின் கரி படியின் அது கழிவுத்துணியே. மேலும் மூடிய கிடங்கில் அப்புகையைச் சுவாசிப்போர் மனிதர். ஆதலின் கிடங்கினுள் மின்கல வண்டியே தகும். மற்றொன்று, பஞ்சுத்தூசி. நூலிலிருந்தும் துணியிலிருந்தும் உதிரும் பஞ்சு சக்கரத்தின் அச்சிலே சுற்றிக்கொள்ளும். மின்விசைப் பொறியின் காற்றுவழியை அடைக்கும். சூடேறிய இடத்தில் தீப்பற்றவும் கூடும். நாள்தோறும் அதனை நீக்குதல் வேண்டும். ஈய அமில மின்கலத்தில் மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஆகவே மின்னேற்றும் இடம் காற்றோட்டமுடையதாய், சரக்கினின்றும் விலகியதாய் அமையவேண்டும். லித்தியம் மின்கலத்திற்கு இவ்வாயுத் தொல்லை இல்லையாயினும், விலை மிகுதி.

இனி, எல்லாவற்றினும் தலையாய செய்திக்கு வருவோம். அது மனிதரின் உயிர். 3.6 மீட்டர் வழியில் வண்டி வரும்போது ஒருவர் ஓரமாக ஒதுங்கி நிற்கலாம். 2.8 மீட்டர் வழியில் 1.3 மீட்டர் அகலமுள்ள ரீச் டிரக் வரின், பக்கத்திற்கு 75 சென்டிமீட்டர் எஞ்சும். 1.7 மீட்டர் வழியில் அதே அகலமுள்ள வண்டி வரின், பக்கத்திற்கு 20 சென்டிமீட்டரே எஞ்சும். ஒரு குழந்தைக்கும் அங்கே ஒதுங்க இடமில்லை. வண்டியின் இருபுறமும் 50 சென்டிமீட்டர் வெளி இல்லாத வழியில், ஆளும் வண்டியும் ஒருங்கே புகாதவாறு தனிக் காப்பு அமைத்தல் வேண்டும் என்பது ஜெர்மானிய நாட்டார் வகுத்த நெறி. நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நடைவழிகள் உறுதியாகவும் தடையின்றியும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இடைவழியிலிருந்து நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அடியும் அங்கே நடப்பவர் ஒதுங்கும் இடத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. அவ்வாறு எடுத்ததற்கு ஈடாக வேறு காப்பினை அவருக்குத் தராவிடின், மிச்சம் என்பது பெயரளவே.

அக்காப்பு யாது? நடப்போர் வழியும் வண்டி வழியும் தரையில் வண்ணக்கோடிட்டுப் பிரிக்கப்படவேண்டும். குறுகிய வழியின் வாயிலில் சங்கிலியோ கதவோ இருத்தல் வேண்டும். நூல் லாட்டைத் தேடுபவரும் ஸ்டாக் எண்ணுபவரும், வண்டி வெளியே நிறுத்தப்பட்டபின்னரே உட்செல்லவேண்டும். முனைகளில் வளைந்த கண்ணாடி வேண்டும். கவை உயர்ந்து நிற்கையில் அதன்கீழ் எவரும் செல்லலாகாது. கவைமேல் ஆளை ஏற்றி உயர்த்துதல் ஒருபோதும் கூடாது. திருப்பூரில் தமிழரோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் முதலிய நாட்டினின்றும் வந்தோரும் உழைக்கின்றனர். தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவருக்கு வெறும் பலகையே. படமும் அவரவர் மொழியும் சேர்ந்த பலகை வேண்டும்; அதனினும் மேலாக, வேலையில் அமர்த்தும் முதல் நாளிலேயே உடன்சென்று காட்டித் தருதல் வேண்டும்.

தலையிலும் தோளிலும் மூட்டை சுமந்து பிழைப்போரின் நிலையையும் இங்கே எண்ணாதிருத்தல் இயலாது. 50 கிலோ மூட்டையை நாள் முழுதும் தூக்குவதால் முதுகெலும்பு தேய்வது கண்கூடு. அப்பாரத்தை வண்டி ஏற்பது நன்றே. ஆயின் வண்டி வந்த நாளில் அவர் வீதியில் நிற்பது நன்றன்று. எந்த மூட்டை எங்ஙனம் சரியும், எந்தத் துணி எதன்மேல் தாங்கும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர் அவரே. அவருள் இளையோரைத் தேர்ந்து முறையாகப் பயிற்றுவித்தால் நல்ல ஓட்டுநராவர். பயிற்சியின் செலவு, ஒரு ராக்கு சரிவதால் வரும் இழப்பின்முன் மிகச் சிறிது.

ஆகவே நம் ஆராய்ச்சியின் முடிவைத் தொகுத்துரைப்போம். சிறிய வாடகைக் கட்டடத்தில் நூலும் துணியும் வைப்பவருக்கு ஹேண்ட் பேலட்டும் மின்கல ஸ்டாக்கரும் போதும். ஆறேழு மீட்டர் உயரமுள்ள நடுத்தரக் கிடங்கில் போக்குவரத்து குறைவாயின் ஸ்டாக்கரே அமையும். நாள்தோறும் பல லாரிகள் வந்து போவதாயின் ரீச் டிரக் விரைவு தரும். ஒரே வண்டியால் இறக்கவும் அடுக்கவும் வேண்டுமாயின் மடங்கும் வண்டி பொருந்தும். பத்து மீட்டரைக் கடந்த உயரமும், சமமான வலிய தரையும், ஓயாத போக்குவரத்தும் உள்ள பெரும் பண்டசாலைக்கே வி.என்.ஏ. வண்டி ஏற்றது. எதிரெடை வண்டிக்கு உரிய இடம் முற்றமும் லாரி நிற்கும் மேடையுமாம்.

வண்டியை வாங்கியபின் வழியைத் தேடுதல், செருப்பை வாங்கியபின் காலை வெட்டுவதை ஒக்கும். சரக்கின் எடையும் பருமனும், கட்டடத்தின் அகலமும் உயரமும், தரையின் வலிமையும் சமமும், அங்கே நடமாடுவோரின் தொகை ஆகிய இவற்றை முதலில் அளந்தறிக. வண்டியின் பெயர் தானே விளங்கும். நெம்புகோல் தத்துவத்தைப் பௌதிக வகுப்பிலும், வகுத்தற் கணக்கைப் பள்ளியிலும் கற்றவர்க்கு இதில் அரியது யாதுமில்லை. ஒரு தாளும், ஓர் அளவுநாடாவும், கிடங்கினுள் அரைநாள் பொறுமையுமே வேண்டுவன. தொழிலகங்களிற் பொறுப்பேற்கச் செல்லும் நம் மாணவர், வண்டி விற்பவரின் சொல்லைக் கேட்பதற்குமுன் இவ்வரைநாளைச் செலவிடுவாராக. அளக்கும்போது, அவ்வழியே நாளை நடக்கப்போகும் பணியாளரையும் கணக்கிற் சேர்ப்பாராக.